கார்லைல் 1912: கல்லூரி அல்லாத ஒரு பள்ளியின் கால்பந்துப் பருவம்

1912ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அதிகப் புள்ளிகள் குவித்த அணி எந்தக் கல்லூரியையும் சேர்ந்ததல்ல. பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்னும் சிற்றூரில், பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றில் நடந்துவந்த அரசுத் தொழிற்பள்ளியின் அணி அது. தச்சு, தையல், கொல்வேலை, அச்சுக்கோப்பு என்று அரை நாள் கைத்தொழில். மீதி அரை நாள் பாடம். அந்தப் பாடமும் உயர்நிலைப் பள்ளியைத் தாண்டாது. படித்தவர்கள் எல்லாரும் அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகள். அவர்கள் மோதியதோ பென்சில்வேனியா பல்கலைக்கழகம், சிராக்யூஸ், ஜார்ஜ்டவுன், பிரவுன், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கழகம் ஆகியவற்றோடு.

14 ஆட்டங்கள், 12 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன். எடுத்த புள்ளிகள் 504, கொடுத்தவை 114. இந்தப் பருவத்தின் கதையைப் பெரும்பாலும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஜிம் தோர்ப் என்ற தனிமனிதனின் சாகசமாகச் சொல்வது ஒன்று. ராணுவத்திடம் தோற்றவர்களின் பேரப்பிள்ளைகள் ராணுவத்தை மைதானத்தில் பழிதீர்த்ததாகச் சொல்வது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அந்தப் பள்ளி எதற்காகத் தொடங்கப்பட்டது, எதை விற்று நடந்தது என்று பார்த்தால் மூன்றாவது கதை ஒன்று தெரியும். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பள்ளியை 1879இல் தொடங்கியவர் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி. சமவெளிப் போர்களில் பிடிபட்ட பூர்வகுடிக் கைதிகளை ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் மரியன் கோட்டையில் காவல் காத்தவர். கைதிகளுக்கு எழுத்தும் ஒழுங்கும் கற்பித்த அனுபவத்தை வைத்தே பிள்ளைகளுக்கான பள்ளியைத் திட்டமிட்டார். மனிதனைக் காப்பாற்ற வேண்டுமானால் அவனுக்குள் இருக்கும் இந்தியனைக் கொல்ல வேண்டும் என்பது அவர் வெளிப்படையாகவே பேசிய கொள்கை. பிள்ளைகள் வந்து இறங்கியதும் தலைமுடி வெட்டப்பட்டது, சீருடை மாட்டப்பட்டது, தாய்மொழி தடை செய்யப்பட்டது. முதல் தொகுதியில் வந்த லக்கோட்டா சிறுவன் லூதர் ஸ்டாண்டிங் பேர் பின்னாளில் தன் நூலில் எழுதியிருக்கிறார்: கரும்பலகையில் எழுதியிருந்த ஆங்கிலப் பெயர்களில் ஒன்றைக் குச்சியால் தொட்டுக் காட்டச் சொன்னார்கள், தொட்டதே அன்றிலிருந்து அவர் பெயர்.

இந்தப் பள்ளியில் கால்பந்து நிலைத்ததே ஒரு தடையைத் தாண்டித்தான். 1890 வாக்கில் ஒரு மாணவனின் கால் முறிந்ததும் பிராட் வெளியணிகளோடு ஆடுவதை நிறுத்திவிட்டார். மாணவர்கள் கூட்டமாகப் போய்க் கெஞ்சினார்கள். இரண்டு நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது: யார் அடித்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது, சில ஆண்டுகளுக்குள் நாட்டின் பெரிய அணிகளை வெல்ல வேண்டும். முதல் நிபந்தனை பள்ளியின் பெயருக்காக. இரண்டாவதும் பெயருக்காகத்தான்.

பெயரோடு பணமும் வந்தது. ஹார்வர்டும் பென்சில்வேனியாவும் பெரும் அரங்குகள் வைத்திருந்தன, கார்லைலோ தொழிற்பள்ளி. ஆகவே அணி ரயிலேறி ஊர் ஊராகப் போய் ஆடி, நுழைவுக் கட்டணத்தில் பங்கு வாங்கிவந்தது. கூட்டம் எதைப் பார்க்க வந்தது? பத்திரிகைச் செய்திகளில் இறகுத் தொப்பியும் போர்க்கூச்சலும் கோடரியும் இல்லாத வாரமே கிடையாது. வாரத்தில் ஆறு நாள் எதை மறந்துவிடு என்று பிள்ளைகளிடம் சொன்னார்களோ, சனிக்கிழமை அதைக் காட்டித்தான் டிக்கெட் விற்றது. பள்ளி நிர்வாகத்துக்கு இது உறுத்தியதாகத் தெரியவில்லை.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது நாம் ஆடும் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் எல்லைவரை கொண்டுபோவதே குறிக்கோள். பந்தோடு ஓடுகிறவனைக் கபடியில் பாடி வந்தவனை மடக்குவது போல மடக்கிச் சாய்ப்பார்கள். எல்லையைத் தொட்டால் டச்டவுன். உதைத்துக் கம்பங்களுக்கு இடையே அனுப்பினால் ஃபீல்ட் கோல். நூற்றாண்டின் தொடக்கத்தில் இது அநேகமாக எடையின் ஆட்டம். பதினொரு பேரும் கைகோத்து ஒரே திரளாக மோதி நாலைந்து கஜம் தள்ளுவதே உத்தி. 1905ஆம் ஆண்டில் மட்டும் பள்ளி, கல்லூரி, ஊர் அணிகளில் சேர்த்துப் பதினெட்டுப் பேருக்குக் குறையாமல் இறந்ததாக அன்றைய பத்திரிகைகள் கணக்கிட்டன. அந்த அக்டோபரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே வரவழைத்துப் பேசினார்.

அடுத்த ஆண்டு விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறியலாம் என்று வந்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் இதைத் தயக்கத்தோடு பார்த்தன. எடையும் கூட்டமும் உள்ளவர்களுக்கு எறிதல் எதற்கு? கார்லைல் பிடித்துக்கொண்டது. அதன் பயிற்சியாளர் கிளென் வார்னர் சட்டம் படித்தவர். ‘பாப்’ என்று எல்லாரும் அழைத்தவர். விதியில் எழுதாமல் விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதில் வக்கீல் மூளை. 1903இல் ஹார்வர்டுக்கு எதிராக ஒரு வீரனின் சட்டைக்குள் பந்தை ஒளித்து, மைதானத்தின் மறுமுனைவரை ஓடவிட்டவர். அந்த ஆட்டத்தில் ஹார்வர்ட் 12-11 என்று தப்பியது. 1907இல் அவருடைய அணி எறிதலைக் கையாண்டு பென்சில்வேனியாவை 26-6 என்றும் ஹார்வர்டை 23-15 என்றும் வீழ்த்தியது. எடை குறைந்த, வேகம் மிகுந்த ஆட்களை வைத்து ஆட்டத்தின் நடையையே மாற்ற முடியும் என்பதை நாடு அங்கேதான் பார்த்தது.

1912இல் மறுபடி விதி மாற்றம். பத்துக் கஜம் முன்னேற மூன்று முயற்சிகள் என்பது நான்காயிற்று. மைதானம் 100 கஜமாகக் குறைந்தது. டச்டவுனுக்கு 5 புள்ளி 6 ஆயிற்று. எறியும் தூரத்துக்கு இருந்த 20 கஜ வரம்பு நீங்கியது. ஆட்டத்தின் இன்றைய எலும்புக்கூடு அந்த ஆண்டில்தான் உருவானது. கார்லைல் குவித்த 504 புள்ளிகளுக்குத் தோர்ப்பின் கால்களோடு இந்த விதிகளும் காரணம். புதிய விதிகளுக்கு முழுமையாகத் தயாராக இருந்த அணி அவர்களுடையது.

தோர்ப் அப்போது 25 வயதுக்காரர். இன்றைய ஓக்லஹோமாவில், சாக்-ஃபாக்ஸ் குடியில் பிறந்தவர். குடிமொழியில் அவர் பெயர் வா-தோ-ஹுக். 1904இல் கார்லைலுக்கு வந்து, பள்ளியின் வழக்கப்படி வெள்ளையர் பண்ணைகளுக்குக் குறைந்த கூலிக்கு அனுப்பப்பட்டவர். 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் சிறு லீக் பேஸ்பால் ஆடிச் சொற்பப் பணம் வாங்கினார். 1911இல் திரும்பி வந்து, ஹார்வர்டை 18-15 என்று வென்ற ஆட்டத்தில் நான்கு ஃபீல்ட் கோல் உதைத்தார். 1912 ஜூலையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம். உடன் போன கார்லைல் மாணவர் லூயிஸ் தெவானிமாவுக்கு 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி. இந்தத் தெவானிமா ஹோப்பி குடியைச் சேர்ந்தவர்; அரசை எதிர்த்த கிராமத்துக்காரர்களில் ஒருவராகப் பிடித்து 1907இல் கார்லைலுக்கு அனுப்பப்பட்டவர். ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்கக் கொடியின் கீழ் ஓடிப் பதக்கம் வாங்கினார். பூர்வகுடிகள் எல்லாருக்கும் குடியுரிமை தரும் சட்டம் வர 1924 ஆயிற்று.

செப்டம்பரில் பருவம் தொடங்கியது. ஆல்பிரைட்டை 50-7, லெபனான் வேலியை 45-0, பக்கத்துத் தெருக் கல்லூரியான டிக்கின்சனை 34-0, வில்லனோவாவை 65-0. இவையெல்லாம் கைப்பழக்கத்துக்கு. அக்டோபர் 5இல் வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன் கல்லூரியோடு 0-0. பருவம் முழுவதிலும் கார்லைல் ஒரு புள்ளிகூட எடுக்காத ஆட்டம் அது ஒன்றே. அடுத்த வாரம் சிராக்யூஸை 33-0 என்று வென்றார்கள். முந்தைய ஆண்டு ஒரே புள்ளியில் அவர்களுடைய குறையில்லாப் பருவத்தைக் கெடுத்த அணி அது.

பயண அட்டவணையைக் கவனியுங்கள். அக்டோபர் 12 சிராக்யூஸ், 19 பிட்ஸ்பர்க், 26 வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன், இரண்டே நாள் கழித்து எல்லை தாண்டிக் கனடாவில் டொராண்டோ, நவம்பர் 2 லீஹை, 9 வெஸ்ட் பாயிண்ட், 16 ஃபிலடெல்ஃபியா, 23 மாசச்சூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்ட், 28 பிராவிடன்ஸில் பிரவுன். ஏழு வாரத்தில் ஒன்பது ஆட்டங்கள், ஒன்றுகூட சொந்த ஊரில் இல்லை. ஊருக்கு வெளியேதான் வருமானம். தொழிற்கல்வி இந்த ஏழு வாரமும் எங்கே நடந்திருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

நவம்பர் 9 ஆட்டத்துக்கு வருவோம். ஹட்சன் ஆற்றின் மேட்டில், வெஸ்ட் பாயிண்ட் அணிவகுப்புத் திடலில் ராணுவ அதிகாரிப் பயிற்சி மாணவர்களை எதிர்த்து ஆட்டம். ஆடுவதற்கு முன், இவர்களுடைய அப்பன்களும் பாட்டன்களும்தான் உங்கள் அப்பன்களையும் பாட்டன்களையும் எதிர்த்துப் போரிட்டவர்கள் என்று வார்னர் தன் வீரர்களுக்கு நினைவூட்டியதாகச் சொல்வார்கள். ராணுவம் பூர்வகுடி மக்களைக் கொன்ற ஊண்டட் நீ படுகொலை நடந்து 22 ஆண்டுகூட நிறையவில்லை. பேச்சு இல்லாமலும் அது அவர்கள் நினைவில் இருந்திருக்கும். இந்த இரண்டு அணிகளும் மோதுவது முதல் முறையும் அல்ல. 1905இல் இதே வெஸ்ட் பாயிண்டில் கார்லைல் 6-5 என்று வென்றிருந்தது.

வார்னர் அன்று கொண்டுபோன புதிய ஆயுதம் ஓர் அணிவகுப்பு. பின்வரிசை ஆட்டக்காரர்களில் இருவரைத் தாக்குவரிசையின் இரு ஓரங்களுக்கும் அருகே சிறகு போல நிறுத்தினார். பந்து தோர்ப்பின் கைக்கு வந்தால் அவர் ஓடலாம், எறியலாம், உதைக்கலாம், அல்லது ஓரத்திலிருந்து குறுக்கே ஓடிவரும் அலெக்ஸ் அர்காசாவிடம் கொடுத்துவிடலாம். எந்தப் பக்கம் போவார்கள் என்று எதிரணி முன்கூட்டி அறிய வழியில்லை. பின்னாளில் ‘டபுள் விங்’ என்று பெயர்பெற்ற இந்த முறையின் முதல் பெரிய சோதனை அது.

ராணுவ அணிதான் முதலில் டச்டவுன் எடுத்தது. அதன்பின் உதை தவறியதால் 6-0. கார்லைலின் ஜோ பெர்ஜி பதில் டச்டவுன் எடுக்க, தோர்ப் உதைத்துச் சேர்த்த ஒரு புள்ளியோடு இடைவேளையில் 7-6. இரண்டாம் பாதி தொடங்கியதுமே ராணுவ அணியின் தலைவன் லீலண்ட் டெவோர், பேருருவம் கொண்டவன், கார்லைலின் ஜோ கையன் மீது பாய்ந்து தாக்கியதற்காக வெளியேற்றப்பட்டான். கார்லைல் பக்கத்திலும் பவல் என்பவர் அடித்ததற்காக அன்று வெளியேற்றப்பட்டார். பிராட்டின் பழைய நிபந்தனை காலாவதியாகியிருந்தது. தோர்ப்பைப் பலமாக மோதி ஆட்டத்தைவிட்டே அனுப்பிவிடலாம் என்று முயன்ற இருவரில் ஒருவன் டுவைட் ஐசன்ஹோவர். தோர்ப் எழுந்து ஆடினார். முழங்காலில் அடிபட்ட ஐசன்ஹோவர் வெளியே போனான். அடுத்த வாரம் டஃப்ட்ஸ் கல்லூரியோடு ஆடியபோது அந்த முழங்கால் முற்றிலும் கெட்டு அவன் கால்பந்து முடிந்தது. நாற்பதாண்டு கழித்து ஜனாதிபதியானவர் இவரே.

முடிவு 27-6. இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தோர்ப்பின் ஓட்டம் ஒன்றைத் தவறாமல் சொல்வார்கள்: 92 கஜம் ஓடி எடுத்த டச்டவுனை நடுவர் செல்லாது என்றார், அடுத்த உதையைப் பிடித்து 97 கஜம் ஓடி மறுபடி எடுத்தார் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் செய்தியில் இருப்பது, தோர்ப் எதிரணியை ஊடுருவி ஓடியும் தண்டனையால் வீணான ஒரு டச்டவுன் மட்டுமே. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. அன்று கார்லைல் எடுத்தவை நான்கு டச்டவுன்; மூன்று அர்காசாவுடையவை, ஒன்று பெர்ஜியுடையது. 24 புள்ளி அங்கே வந்துவிட்டது. மீதி மூன்றும் டச்டவுனுக்குப் பிந்தைய உதைகள். தோர்ப்பின் பெயரால் நினைவில் நிற்கும் ஆட்டத்தில் தோர்ப்புக்கு டச்டவுன் இல்லை.

இதனால் அவர் குறைந்துவிடவில்லை. அவர் ஓடுவார் என்று பதினொரு பேரும் அவர் பக்கம் சாய்ந்ததால்தான் அர்காசாவுக்கு வழி திறந்தது. ஆனால் கதை சொன்னவர்களுக்கு ஒரே ஓர் அதிசய இந்தியன் போதுமாக இருந்தது. தாக்குதலை வழிநடத்திய குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச், கையன், பீட் காலாக் போன்றோர் பின்னால் தள்ளப்பட்டார்கள். ஓஜிப்வே, செரோக்கீ, லூயிசெனோ என்று வேறுவேறு மொழி பேசிய குடிகளின் பிள்ளைகள் ஓரணியாக ஆடிய நுட்பம், ஒரு மனிதனின் உடற்கட்டைப் பற்றிய வியப்பில் மறைந்தது.

ஒரு வாரம் கழித்து, தடுமாறிக்கொண்டிருந்த பென்சில்வேனியாவிடம் 34-26 என்று தோற்றார்கள். அந்த ஆண்டின் உச்ச மரியாதை தோல்வியே காணாத ஹார்வர்டுக்குப் போயிற்று. 1911இல் கார்லைலிடம் தோற்ற ஹார்வர்டின் 1912 ஆட்ட வரிசையில் கார்லைல் இல்லை. ஸ்பிரிங்ஃபீல்டை 30-24 என்று வென்ற பிறகு, நன்றியறிதல் நாளன்று பிரவுனை 32-0. தோர்ப்பின் கடைசிக் கல்லூரி ஆட்டம் அது. அவர் அந்தப் பருவத்தில் எடுத்தவை 25 டச்டவுன், 198 புள்ளி என்பது வழக்கமான கணக்கு. வேறு சில ஏடுகள் இன்னும் கூடுதலாகச் சொல்கின்றன. வால்டர் கேம்ப் தேர்ந்தெடுத்த அகில அமெரிக்க முதல் அணியில் அவருக்கு இரண்டாம் முறையாக இடம் கிடைத்தது.

1913 ஜனவரியில் மாசச்சூசெட்ஸின் வூஸ்டர் நகரப் பத்திரிகை ஒன்று தோர்ப்பின் பழைய பேஸ்பால் கூலியை அச்சில் ஏற்றியது. பணம் வாங்கி ஆடியவன் அமெச்சூர் அல்ல என்பது விதி. கோடையில் காசுக்கு ஆடிய கல்லூரி மாணவர்கள் ஏராளம். கெட்டிக்காரர்கள் பொய்ப்பெயரில் ஆடினார்கள், தோர்ப் சொந்தப் பெயரில் ஆடியிருந்தார். வார்னரும் பள்ளிக் கண்காணிப்பாளர் மோசஸ் ஃபிரீட்மனும் தங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்றார்கள். தோர்ப்பின் கையெழுத்தோடு ஒரு கடிதம் போயிற்று. விவரம் தெரியாத இந்தியப் பள்ளிப் பையன் செய்த பிழை என்ற தொனியில். மாணவன் எந்தக் கோடையில் எங்கே இருக்கிறான் என்று பதிவேடு வைத்திருந்த பள்ளிக்கு இது தெரியாமல் போனது என்பதை நம்புவது கடினம். ஆட்சேபணையை விளையாட்டு முடிந்து 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற ஒலிம்பிக் விதியை யாரும் எடுத்துக் காட்டவில்லை. பதக்கங்கள் பறிபோயின.

வீரர்களுக்குப் பள்ளி பணம் கொடுத்து ஆடவைக்கிறது என்று யவபாய் குடியைச் சேர்ந்த மருத்துவர் கார்லோஸ் மாண்டெசுமா 1907இலேயே பத்திரிகையில் எழுதியிருந்தார். ஒரு காலத்தில் கார்லைலிலேயே மருத்துவராக இருந்து அணியை ஆதரித்தவர் அவர். அப்போது யாரும் அசையவில்லை. கடைசியில் அசைத்தது வெல்ச். 1912 அணியின் குவார்ட்டர்பேக் முன்னின்று திரட்டிய மனுவில் இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கையெழுத்திட்டார்கள். 1914இல் அமெரிக்க நாடாளுமன்றக் கூட்டுக்குழு கார்லைலுக்கே வந்து விசாரித்தது. விளையாட்டு நிதி தணிக்கையின்றிச் செலவழிந்தது, வார்னர் மாணவர்களை ஏசியதும் அடித்ததும், ஆட்டங்களின் மீது பந்தயம் கட்டியது எல்லாம் சாட்சியங்களில் வந்தன. வார்னர் நல்ல பயிற்சியாளர்தான், ஆனால் நேர்மை இல்லாதவர் என்று வெல்ச் சாட்சி சொன்னார். தன்னை நாடறியச் செய்த பயிற்சியாளரைப் பற்றி ஒரு மாணவன் அப்படிச் சொல்வதற்கு வெஸ்ட் பாயிண்டை எதிர்த்து ஆடுவதைவிட அதிகத் துணிவு வேண்டும்.

ஃபிரீட்மன் வேலை இழந்தார். வார்னர் 1915இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தொடர்ந்து வெற்றிகள் குவித்தார். அமெரிக்காவின் மிகப் பெரிய சிறுவர் கால்பந்து அமைப்பு இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது. தோர்ப், கையன், காலாக் மூவரும் 1922இல் ஊராங் இந்தியன்ஸ் என்ற தொழில்முறை அணியில் மறுபடி சேர்ந்தார்கள். வேட்டை நாய் விற்பவர் ஒருவர் தம் நாய்களுக்கு விளம்பரமாக நடத்திய அணி அது. இடைவேளையில் வீரர்கள் நாய்களோடு வேடிக்கை காட்டினார்கள். கார்லைல் கற்றுக்கொடுத்த வணிகம் அங்கே ஒளிவுமறைவில்லாமல் நடந்தது.

1918இல் பள்ளி மூடப்பட்டு இடம் ராணுவத்திடமே திரும்பியது. இப்போது அங்கே இருப்பது அமெரிக்க ராணுவப் போர்க்கல்லூரி. அங்கே புதைக்கப்பட்டிருந்த பள்ளிப் பிள்ளைகளின் எச்சங்களைத் தோண்டியெடுத்து அவரவர் குடிகளிடம் ஒப்படைக்கும் பணி 2017இல் தொடங்கியது. தோர்ப் 1953இல் இறந்தார். 1982இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அவரை இணை வெற்றியாளராக மட்டும் ஏற்றது. 1912 போட்டிகளின் ஒரே வெற்றியாளர் அவரே என்று அறிவிக்க 2022 ஜூலைவரை ஆயிற்று. கார்லைலின் விளையாட்டு நிதி வீரர்களுக்கு எவ்வளவு கடன்பட்டது என்ற கணக்கை மட்டும் இன்றுவரை எவரும் தீர்க்கவில்லை.